தொடர்ச்சிப் படைப்பும் சுவைஞர் கண்டனமும்: கணினி விளையாட்டுத் துறை பற்றிய ஒரு நோக்கு

கதையின் முடிவை மாற்றுமாறு கதைசொல்லியைக் கேட்போர் வற்புறுத்துவது புதிய வழக்கமன்று. சார்ள்ஸ் டிக்கின்ஸ் தமது 'கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ்' நாவலை 1861 இல் நிறைவுசெய்தபோது, நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டனின் ஆலோசனையை ஏற்று அதன் இறுதிப் பகுதியைத் திருத்தியெழுதினார். சேர் ஆதர் கொனன் டொயில் 1893 இல் சாகடித்த ஷேர்லக் ஹோம்ஸ் 1903 இல் உயிர்பெற்று மீண்டான். முன்னையது சக எழுத்தாளன் ஒருவனின் விமரிசனத்துக்குக் கிடைத்த விடை. பின்னையதில் வாசகரின் ஏக்கமும் சஞ்சிகை வெளியீட்டாளரின் பணமும் ஒருங்கே தொழிற்பட்டன. இவ்விரண்டையும் ஒரே வகை நிகழ்வாகக் கொள்வோர் இலக்கியத்துக்கும் சந்தைக்குமுள்ள உறவைச் சரிவர விளங்கிக்கொள்ளாதோரே.

நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர் இதே சிக்கல் கணினி விளையாட்டுத் துறையில் பன்மடங்கு வேகத்துடன் எழுந்துள்ளது. வெற்றிபெற்ற விளையாட்டொன்றின் தொடர்ச்சி வெளிவரும்போது, முன்னைய ஆக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தோர் அதனைக் கடுமையாகக் கண்டிப்பின், ஆக்கியோர் எவ்வாறு விடையிறுத்தல் வேண்டும்? பொதுவாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. பணங்கொடுத்து வாங்குபவன் சொல்வதே சட்டம் என்பது ஒன்று. கலைஞன் எவர்க்கும் கட்டுப்பட்டவன் அல்லன் என்பது மற்றையது. முன்னது வணிகரின் குரல். பின்னது 'கலை கலைக்காகவே' என்போரின் பழைய குரல். இரண்டும் ஒருபுறப் பார்வைகளே. கணினி விளையாட்டு ஒரே வேளையில் ஆக்கமாகவும் பண்டமாகவும் உள்ளது. ஆக்கத்தின் மீதான குறையும் பண்டத்தின் மீதான குறையும் ஒரே இரைச்சலிற் கலந்து வருகின்றன. பெருநிறுவனங்கள் இவற்றைப் பிரித்தறியாதது மட்டுமன்றி, பெரும்பாலும் தலைகீழாகவே விடை கூறுகின்றன என்பது எமது கருத்து. கலையைக் குறைகூறினோர்க்குக் கடைக்காரனைப் போல் மேலதிகச் சரக்கைத் தருகின்றன. சரக்கைக் குறைகூறினோர்க்குக் கலைஞனைப் போல் விளக்கவுரை நிகழ்த்துகின்றன.

தொடர்ச்சிப் படைப்பு இத்துணைச் சினத்தை ஏன் தூண்டுகின்றது என்பதனை முதலில் நோக்கலாம். முதலிடுவோர்க்குப் புதிய கதை என்பது ஆபத்து. அறிமுகமான பெயர் காப்புறுதி. ஆகவே ஒரு பெயர் விலைபோகுமட்டும் அதற்குத் தொடர்ச்சிகள் உற்பத்தியாகின்றன. விளையாடுவோனின் நிலை வேறு. நாவலை வாசிப்பவன் பக்கங்களைப் புரட்டுகின்றான். விளையாடுபவனோ முடிவெடுக்கின்றான், தோற்கின்றான், மீண்டும் முயல்கின்றான். அவன் கைபடாமற் கதை நகர்வதில்லை. பல பத்து மணித்தியாலங்கள் இவ்வாறு உழைத்தவனுக்கு 'இதில் எனக்கும் பங்குண்டு' என்னும் உணர்வு தோன்றுவது இயல்பு. இதனை வெறும் இரசிக வெறியென ஒதுக்கிவிட இயலாது. அவ்வுணர்வுக்கான அடிப்படை கலைவடிவத்திலேயே அமைந்துள்ளது.

இதற்கு மிகச் சிறந்த சான்று 'மாஸ் எஃபெக்ட்' தொடராகும். கனடாவின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த பயோவெயர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இதன் மூன்று பாகங்களை வெளியிட்டது. முதற்பாகத்தில் விளையாடுவோன் எடுத்த முடிவுகள் கணினியிற் பதிவாகி அடுத்த பாகத்துக்கும், அதிலிருந்து மூன்றாம் பாகத்துக்கும் எடுத்துச் செல்லப்பட்டன. முதலாம் பாகத்தில் ஒருவனைச் சாகவிட்டால் மூன்றாம் பாகத்தில் அவன் தோன்றமாட்டான். ஐந்தாண்டுக் காலம் நீண்ட கதையொன்று வாசகனின் தெரிவுகளை நினைவில் வைத்திருந்தமை இத்தொடரின் உண்மையான சாதனை. இறுதிப் பாகத்தின் முடிவு, இது அல்லது அது என எண்ணிச் சொல்லத்தக்க வழமையான முடிவுகளைப் போன்றதாக இராது என, நெறியாளர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்னரே கூறியிருந்தார்.

2012 மார்ச்சில் வெளிவந்த ஆக்கமோ விளையாடுவோன் முன் மூன்று வழிகளை வைத்து முடிந்தது: எதிரியை அழித்தல், எதிரியைத் தன் ஆட்சிக்குட்படுத்தல், உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்கல். இவற்றின் பின் வந்த காட்சிகள் பெரும்பாலும் ஒரேதன்மையனவாய், சிவப்பு, நீலம், பச்சை என்னும் நிறவேறுபாட்டினாலேயே பிரித்தறியத்தக்கனவாய் இருந்தன. ஐந்தாண்டுத் தெரிவுகள் அனைத்தும் அந்த மூன்று நிறங்களுக்குள் ஒடுங்கிப்போயின. எழுந்த எதிர்ப்பு கடுமையானது. எதிர்த்தோர் தம் குறையைத் தெரிவிக்கும் வழியாக நோயுற்ற சிறுவர்க்கான தொண்டு நிதியொன்றுக்கு 80,000 டொலருக்கும் மேற்பட்ட தொகையைத் திரட்டினர் என்பதும் இங்குக் குறிப்பிடற்பாலது. அவர்களை வெறும் கும்பலெனத் தள்ளிவிட முடியாது.

இக்கண்டனத்தின் தன்மை யாது? முடிவு துயரமானது என்பது அதன் சாரமன்று. முந்நூறு பக்கக் காதற்கதையில் நாயகி இறந்துவிட்டாள் என்று அழும் வாசகனின் குறை போன்றதும் அன்று. வடிவத்துக்கும் முடிவுக்குமிடையே முரண்பாடு உள்ளது, தெரிவே பொருளாக அமைந்த ஓர் ஆக்கம் தெரிவைப் பொருளற்றதாக்கி முடிந்துவிட்டது என்பதே அதன் உட்கிடை. இது நல்ல இலக்கிய விமரிசனம். பல்கலைக்கழக வகுப்பறையில் எழுந்திருந்தால் நாம் அதனை மதிப்புடன் செவிமடுத்திருப்போம்.

நிறுவனத்தின் இணைத்தாபகர் றே முசைக்கா மார்ச் 21 ஆம் திகதி பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டார். விளையாட்டுக்கள் கலைவடிவம் என்று தாம் நம்புவதாக அதில் எழுதிய அவர், அதே கடிதத்தில் மேலதிக விளக்கம் தரும் பணி தொடங்கிவிட்டதாகவும் தெரிவித்தார். ஜூன் 26 இல் நீட்டிக்கப்பட்ட முடிவு இலவசமாக வழங்கப்பட்டது. மூன்று வழிகளும் மாறவில்லை. அவற்றைத் தொடர்ந்து என்ன நிகழ்ந்தது என்பதைக் கூறும் காட்சிகளும் உரைகளும் சேர்க்கப்பட்டன. குறை வடிவத்திற் காணப்பட்டது. நிவாரணமோ அளவிற் கொடுக்கப்பட்டது. சுருங்கக் கூறின், துணி சாயம் போகிறது என்றவனுக்கு இன்னுமொரு முழம் சேர்த்துக் கொடுத்த கதை.

எனினும் அந்த நீட்சியில் ஓரிடம் ஊன்றி நோக்கத்தக்கது. மூன்று வழிகளையும் மறுத்துவிடும் நான்காவது தெரிவொன்று புதிதாக இடம்பெற்றது. அதனைத் தேர்ந்தால் நாயகனின் உலகம் முழுவதும் அழிந்துபோகின்றது. பிந்திய யுகமொன்றில் வேறோர் உயிரினத்தார் வெற்றி பெறுகின்றனர். தங்கள் மறுப்புக்கு எழுத்தாளர் செய்த ஏளனம் இது என இரசிகர் சிலர் சினந்தனர். எம்மைப் பொறுத்தவரை, அந்நீட்சி முழுவதிலும் படைப்பாளியின் குரல் கேட்பது இவ்விடத்தில் மட்டுமே. வாதத்துக்கு வாதமாக, கதையின் மொழியிலேயே, 'மறுப்பதற்கும் விலையுண்டு' என்று சொல்லப்பட்டது. உடன்படலாம், உடன்படாது விடலாம். ஆயின் விடை என்று அழைக்கத்தக்கது அதுதான்.

இனி இதே விளையாட்டின் மறுபுறத்தை நோக்குவோம். வெளியீட்டு நாளன்றே கதாபாத்திரம் ஒன்றும் அவனைச் சார்ந்த கதைப்பகுதியும் 10 டொலருக்குத் தனியே விற்கப்பட்டன. தொடரின் புராண வரலாற்றிலே மையமான இடம் வகிக்கும் பழைய இனமொன்றின் எஞ்சிய ஒரே மனிதன் அவன். மேலும், பலர் இணைந்து விளையாடும் பகுதியில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொதிகள் உண்மைப் பணத்துக்கும் விற்கப்பட்டன; தனியாள் கதையின் சிறந்த முடிவுக்குத் தேவையான புள்ளிகளை உயர்த்தும் வழிகளுள் ஒன்றாகவும் அப்பகுதி இணைக்கப்பட்டிருந்தது. இவை பற்றிய முறைப்பாடுகளும் எழுந்தன. இங்கு நிறுவனம் பின்வாங்கவில்லை. பிரதான விளையாட்டு முடிந்த பின்னரே அக்கதைப்பகுதி ஆக்கப்பட்டதென்று விளக்கம் கூறப்பட்டது, விற்பனை தொடர்ந்தது. விலையைப் பற்றிய குறைக்கு உற்பத்தி வரலாறு விடையாயிற்று. முடிவைப் பற்றிய குறைக்கு இலவசப் பொருள் விடையாயிற்று. எந்தக் குறைக்குப் பின்வாங்கியிருக்க வேண்டுமோ அதற்கு உறுதியாக நின்றனர்.

பயோவெயரின் உரிமையாளரான இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட 'ஸ்டார் வோர்ஸ் பட்டில்ஃபுரண்ட் 2' இப்போக்கின் உச்சம். இதுவும் ஒரு தொடர்ச்சியே. 2015 இல் வந்த முன்னைய விளையாட்டில் தனியாள் கதை இல்லை என்றும், பின்வரும் பகுதிகளுக்கு வேறாகப் பணம் அறவிடப்படுவதால் விளையாடுவோர் பிளவுபடுகின்றனர் என்றும் இரசிகர் குறைகூறியிருந்தனர். தொடர்ச்சியில் அவ்விரு குறைகளும் நீக்கப்பட்டன. கதை சேர்க்கப்பட்டது, பின்வரும் பகுதிகள் இலவசமென அறிவிக்கப்பட்டன. ஆனால் வருவாயில் ஏற்படும் அந்த ஓட்டையை அடைப்பதற்காகப் பரிசுப்பெட்டி என்னும் குலுக்கல் முறை புகுத்தப்பட்டது. போர்க்களத்தில் ஒருவனது ஆற்றலை உயர்த்தும் அட்டைகள் அப்பெட்டிகளுள் இருந்தன. இரசிகரின் சொல்லுக்குச் செவிசாய்த்ததாகக் காட்டி அதற்கான கட்டணத்தைப் பின்கதவால் அறவிடும் உத்தி இதில் தெளிவாகவே தெரிகின்றது.

டார்த் வேடர் போன்ற நாயகர்களைத் திறப்பதற்கு 60,000 புள்ளிகள் வேண்டியிருந்தது. உயர்விலைப் பதிப்பை வாங்கிய பின்னரும் வேடர் பூட்டப்பட்டிருக்கிறாரே என்று ஒருவர் கேட்டதற்கு, 2017 நவம்பரில் ரெடிட் தளத்தில் நிறுவனத்தார் அளித்த விடை, விளையாடுவோர்க்குப் பெருமிதமும் சாதனையுணர்வும் உண்டாகவேண்டும் என்பதே தமது நோக்கம் என்றவாறு அமைந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் அதற்கு விழுந்தன. அத்தளத்தின் வரலாற்றில் அதற்கு முன் எக்கூற்றும் அத்துணை எதிர்ப்பைப் பெற்றதில்லை. கேட்டவர் விலையைக் கேட்டார். விடையோ அழகியல் பேசிற்று. உழைப்பின்றி வெற்றி சுவைக்காது என்பது விளையாட்டுக் கலையில் உண்மையான கோட்பாடுதான். உழைப்பைப் பணத்தால் தவிர்க்கும் வழியைப் பக்கத்திலேயே விற்றுக்கொண்டு அக்கோட்பாட்டைப் போதிப்பதே நகைப்புக்கிடமானது.

சில நாள்களில் புள்ளிகளின் தேவை 75 வீதம் குறைக்கப்பட்டது. வெளியீட்டுக்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் உண்மைப் பண விற்பனை நிறுத்தப்பட்டது. 2018 மார்ச்சில் முன்னேற்ற முறையே மாற்றியமைக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் பெல்ஜிய சூதாட்ட ஆணைக்குழு வேறு மூன்று விளையாட்டுக்களின் பரிசுப்பெட்டிகளைச் சூதாட்டமெனத் தீர்மானித்தபோது, இவ்விளையாட்டு அப்பட்டியலில் இல்லாமற் போனமைக்கு அம்முறை அதற்குள் நீக்கப்பட்டமையே காரணம். பண்டம் பற்றிய குறை நியாயமானதெனின், அதற்குரிய விடை திருத்தமும் பணத்தை மீள அளித்தலுமே. அவ்விடத்திற் கலைச்சுதந்திரம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

அவ்வாறாயின் கலை பற்றிய கண்டனம் எழும்போது படைப்பாளி வாய்மூடி இருப்பதா? இவ்வினாவைச் சிக்கலாக்குவது 2020 ஜூனில் வெளிவந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகம். முதற்பாகத்தின் அன்புக்குரிய நாயகனான ஜோயெலைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டு, கொன்றவளான அபியின் பாத்திரத்தையே ஏறத்தாழக் கதையின் பாதியளவுக்கு நம் கையில் ஒப்படைக்கும் துணிவு அதற்குண்டு. முடிப்பதற்கு 25 மணித்தியாலங்கள் வரை தேவைப்படும் அவ்விளையாட்டுக்கு, வெளிவந்த அன்றே ஆயிரக்கணக்கானோர் மிகத் தாழ்ந்த புள்ளியிட்டனர். நம் மரபில் அரங்கேற்றத்தின்போது அவையோர் தடை எழுப்புவதுண்டு. நூலைக் கேட்டபின் எழுப்புவர். கேளாமலே எழுப்பிய தடைகளுள் பல, நாயகி தன்பாலினத்தாளை விரும்புபவள் என்பதையும் அபியின் தசைப்பற்றான உடலையும் இலக்காகக் கொண்டிருந்தன. அபிக்குக் குரல் கொடுத்த நடிகை லோரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஆக்க நிறுவனமான நோட்டி டோக் மிரட்டல்களைக் கண்டித்தது. ஆக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அது சரியான செயல். ஒரு நடிகையைக் கொல்வேன் என்பவனுடன் கதையமைப்புப் பற்றி உரையாட எதுவுமில்லை.

ஆயின் அந்த இரைச்சலில் மூழ்கிப்போன வேறொரு விமரிசனம் உண்டு. இஸ்ரேலிற் பிறந்து இளமையில் மேற்குக்கரையில் வாழ்ந்தவரான நெறியாளர் நீல் டிரக்மன், 2000 ஆம் ஆண்டு ரமல்லாவில் இஸ்ரேலியப் படையினர் இருவர் கொல்லப்பட்ட காட்சியைக் கண்டபோது தம்முள் எழுந்த பழிவாங்கும் உணர்வே இக்கதையின் வித்து எனச் செவ்வியொன்றிற் கூறியுள்ளார். ஆக்கிரமித்தோரையும் ஆக்கிரமிக்கப்பட்டோரையும் சமநிலையில் வைத்து, இருசாராரும் வெறுப்பின் வட்டத்துள் அகப்பட்டோரே என்று காட்டுவது வரலாற்றை மறைப்பதாகாதா என்று விமரிசகர் சிலர் கேட்டனர். இவ்வாண்டுகளில் எழுந்தவற்றுள் மிகக் கனதியான வினாக்களுள் இதனையும் எண்ணலாம். 'இருபுறமும் தவறு' என்ற வாய்பாட்டின் பொருளை நம் நாட்டு வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. இவ்வினாவுக்கேற்ற ஆழமான உரையாடல் நிகழவில்லை. மிரட்டுவோரால் விளைந்த தீங்குகளுள் இதுவும் ஒன்று; படைப்பாளரும் தம்மைக் கேட்போரையெல்லாம் மிரட்டுவோராகவே காணப் பழகிவிடுகின்றனர்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லாரியன் நிறுவனம் 'பல்டேர்ஸ் கேட்' தொடரின் மூன்றாம் பாகத்தை ஆக்கிய முறை இதற்கு மாறானது. முதலிரு பாகங்கள் 1998, 2000 ஆம் ஆண்டுகளில் பயோவெயரால் ஆக்கப்பட்டவை. மூன்றாவதில் சண்டை முறைவைத்து நிகழும் என அறிந்தபோது பழைய இரசிகர் பலர் கொதித்தனர். லாரியன் அதனை மாற்றவில்லை. தனக்குக் கைவந்த வடிவம் அதுவே என்று நின்றது. ஆனால் 2020 ஒக்டோபர் முதல் 2023 ஓகஸ்ட் வரை முதற்பகுதியை வெளியிட்டு, விளையாடுவோர் சுட்டிய குறைகளைக் கொண்டு அப்பகுதியைப் பலமுறை திருத்திற்று. முழு ஆக்கம் வந்தபின், தோழர்களின் கதை சடுதியாக முடிகின்றது என்ற குறை எழுந்தது; 2023 நவம்பரில் அவர்கள் அனைவரும் மீண்டும் கூடும் பின்னுரைக் காட்சி சேர்க்கப்பட்டது. இதுவும் நீட்சிதானே எனலாம். எனினும் இங்குக் குறையே நீளம் பற்றியது, நிவாரணமும் அதற்கேற்றது. வடிவம் எது, நிறைவேற்றம் எது என்று வகுத்தறிந்து, முன்னதிற் கேளாமையும் பின்னதிற் கேட்டலும் கைக்கொண்டமையே இதன் சிறப்பு. முற்றுப்பெறாத ஆக்கத்துக்கு 60 டொலர் முழுவிலை பெற்று விளையாடுவோரையே சோதனையாளராக்கினர் என்பது வேறு விடயம், அதனைப் பாராட்டுவதற்கில்லை.

லாரியனால் இவ்வாறு நடந்துகொள்ள முடிந்தமைக்கு நிறுவனத் தலைவரின் நல்லியல்பைக் காரணங் காட்டுவோர் உளர். அந்நிறுவனத்தின் பெரும்பங்கு அதனைத் தோற்றுவித்தோரிடமே இருந்தமையும் பங்குச்சந்தைக்குக் காலாண்டுக் கணக்குக் காட்டும் கட்டாயம் இன்மையும் கூடிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்பது எமது துணிபு. 'ஆக்குநர் எவ்வாறு விடையிறுக்க வேண்டும்' என்ற வினாவில் 'ஆக்குநர்' என்ற சொல் யாரைக் குறிக்கின்றது என்பதையே ஐயுறல் வேண்டும். விலையையும் வெளியீட்டு நாளையும் தீர்மானிப்போர் ஒரு சாரார்; எழுதுவோரும் வரைவோரும் நிரலாக்குவோரும் இன்னொரு சாரார். வசை பின்னவர்மீதே விழுகின்றது. 2017 இல் 'மாஸ் எஃபெக்ட்: அன்றோமெடா' வெளிவந்து பாத்திரங்களின் முக அசைவுகள் நகைப்புக்குள்ளானபோது, முன்னாள் ஊழியரான பெண்ணொருவரை அதற்குப் பொறுப்பாளரெனத் தவறாகக் கருதி இணையத்தில் வேட்டையாடினர், அவர் அப்பொறுப்பை வகித்தவர் அல்லர் என நிறுவனம் அறிக்கைவிட நேர்ந்தது. நோட்டி டோக்கிலும் ஊழியர் அளவுமீறிய மேலதிக நேரம் உழைத்தமை பற்றி 2020 மார்ச்சிலேயே செய்திகள் வந்திருந்தன.

2024 ஒக்டோபர் 31 இல் பயோவெயர் வெளியிட்ட 'ட்ராகன் ஏஜ்: த வெயில்கார்ட்' இதனை மேலும் துலக்குகின்றது. முதலில் பலர் இணைந்து விளையாடுவதற்கெனத் திட்டமிடப்பட்டு, பின்னர் தனியாள் கதையாக மாற்றப்பட்ட ஆக்கம் அது. பழைய பாகங்களிலிருந்து மூன்று தெரிவுகளை மட்டுமே அது ஏற்றுக்கொண்டது. இரசிகர் இதனை நியாயமாகவே கண்டித்தனர். விளையாடியோர் 15 இலட்சம் பேர் என்றும், இது எதிர்பார்ப்பிலும் ஏறத்தாழப் பாதி குறைவு என்றும் 2025 ஜனவரியில் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. அடுத்து நிறுவனத்தின் தலைமை நிறைவேற்றுநர் அன்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்க்கு ஆற்றிய உரையில், தரமான கதையோடு பலர் பகிர்ந்து விளையாடும் அம்சங்களையும் மக்கள் நாடுகின்றனர் என்றார். பழைய தெரிவுகள் மறக்கப்பட்டன என்பது இரசிகரின் குறை. கூடி விளையாட இடமில்லை என்பது நிறுவனம் அதிலிருந்து வாசித்த பொருள். அம்மாதமே நடந்த ஆட்குறைப்பின் பின் பயோவெயரில் நூற்றுக்கும் குறைவானோரே எஞ்சினர். கண்டனத்துக்கு நிறுவனம் எழுதிய உண்மையான விடை இதுவே. அதனைப் பெற்றவர்கள் இரசிகருமல்லர், முடிவெடுத்தோருமல்லர்.

2012 இன் சர்ச்சைக்குப் பயோவெயர் தன் படைப்பினால் இதுவரை விடை கூறவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 'அன்றோமெடா'வின் கதை, மூன்றாம் பாகத்தின் நிகழ்வுகளுக்கு முன்னரே புறப்பட்டு வேறொரு நட்சத்திர மண்டலத்தைச் சென்றடையும் குடியேறிகளைப் பற்றியது. அவர்களுக்கு அந்த மூன்று நிறங்களைப் பற்றி எதுவும் தெரியாது. சர்ச்சையிலிருந்து அறுநூறாண்டுப் பயணத்தால் தப்பிச்செல்லும் இவ்வுத்தி அழகியல் அடிப்படையிற் பலவீனமானது. அடுத்த பாகமொன்று 2020 இல் அறிவிக்கப்பட்டபோது பழைய மண்டலமும் பழைய தோழி ஒருத்தியும் முன்னோட்டத்திற் காட்டப்பட்டனர். எஞ்சியுள்ள சிறு குழுவினர் அதனை ஆக்கி வருகின்றனர். சிவப்பா, நீலமா, பச்சையா, அன்றி எல்லாம் அழிந்த நான்காம் வழியா என்பதை அவர்கள் தெரிந்தெடுத்தே கதையைத் தொடங்க இயலும். 2012 இல் அம்முடிவுக்குப் பொறுப்பாயிருந்த ஹட்சனும் தலைமை எழுத்தாளர் மக் வோல்ட்டர்சும் இப்போது அந்நிறுவனத்தில் இல்லர்.